வாசல் திறந்திருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருக்கிறது. காலனிப் பிள்ளைகள் அதிகம் வருவதில்லை. “யாரையும் தடுக்கவில்லையே” என்கிறார்கள். அது போதாதா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: போதாது, சகோதரி. மூன்று வயதுப் பிள்ளை தனியாக நடந்து வராது. விடியலிலேயே களையெடுக்கப் போகும் தாயால் கொண்டுவந்து விடவும் முடியாது. ஊர்த்தெருவுக்குள் நுழையத் தயங்கும் பாட்டி பேரனை வீட்டிலேயே வைத்துக்கொள்வாள். யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் பிள்ளை வரவில்லை.

1975 அக்டோபர் 2-இல், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது இந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் குறைந்தது 40 பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்புக்கு, கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி பெற உரிமை உண்டு என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவும் சொன்னது. காலனிக்கும் ஒரு மையம் வேண்டும் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுத வையுங்கள்.

ஒரு நாள் மையத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். சோறு போடும்போது யார் ஓரத்தில் உட்கார்கிறார்கள்? பாட்டுச் சொல்ல யாரைக் கூப்பிடுகிறார்கள்? இருளர் வீட்டுப் பிள்ளை தன் பேச்சில் பதில் சொன்னால் சிரிக்கிறார்களா, கேட்கிறார்களா? எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம் ஆகாது. பின்னால் நிற்கும் பிள்ளையை முதலில் கைப்பிடித்து அழைத்து வருவதே சமத்துவம்.