மதியத்தில் இறங்கும் பெடல்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப்பட்டுக்கு வெளியே ஒரு கிரஷரில் பழைய ஹிந்துஸ்தான் 2021 லோடர். காலையில் பெடல் கல் மாதிரி நிற்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மெத்தென்று கீழே இறங்குகிறது. வண்டி ஆறினதும் மறுபடி நிற்கிறது. இரண்டு தரம் ஏர் எடுத்துவிட்டாய், மூன்றாம் தரம் எடுக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். ஏர் எடுத்த அன்று சரியாகி, வேலை ஏறின மறுநாள் திரும்பவும் இறங்குகிறது என்றால், கோளாறு காற்றில் இல்லை, சூட்டில் இருக்கிறது.

அந்த வண்டி நம் மாவட்டத்துப் பிள்ளை என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021 என்பது மாடல் எண். வருஷம் என்று நினைத்து அதைப் புது வண்டி என்கிறவர்களும் உண்டு. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1971இல் தொடங்கிய மண்வாரி இயந்திரத் தொழிற்சாலையிலிருந்து வந்த வரிசை அது. பிற்பாடு தொழிற்சாலை கேட்டர்பில்லர் கைக்குப் போனது. அதனால்தான் நம் பக்கத்துக் குவாரிகளில் இன்னமும் இத்தனை பழைய வண்டிகள் ஓடுகின்றன. இங்கே பிறந்த வண்டியை இங்கேயே ஒழுங்காகப் பார்க்க ஆள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெடலை மிதித்தால் டேங்கில் இருக்கிற காற்று பூஸ்டரைத் தள்ளுகிறது, பூஸ்டர் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது, அங்கிருந்து ஆயில் காலிப்பருக்குப் போய்ப் பேடை டிஸ்கில் அழுத்துகிறது. ஏர் மீட்டர் 7 கிலோவுக்குக் குறையாமல் நிற்கிறது என்று சொன்னாய். அப்படியானால் காற்றுப் பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆயிலைப் பார். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கிற ஆயில். நூற்றுக்கு நாலு பங்குகூடத் தண்ணீர் சேர வேண்டாம், 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மதியம் உன் காலுக்குக் கீழே மெத்தென்று இருக்கிறதே, அது அந்த ஆவி. ஆறினதும் திரும்ப ஆயிலாகிவிடுவதால் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி பெடல் நிற்கிறது. பாதி டின்னை மூடாமல் ஷெல்ஃபில் வைத்திருந்து ஊற்றுகிற பழக்கம் உன் பட்டறையில் இருந்தால் இன்றைக்கே விடு. ஆயில் வாங்கும்போது வண்டியில் எழுதியிருக்கிற வகையையே வாங்கு. டாட் ஆயில் ஓடுகிற சிஸ்டத்தில் மினரல் ஆயிலைக் கலந்தால் வாஷரெல்லாம் ஊதிப்போய்விடும்.

ஆயிலை மாற்றினால் பெடல் நிற்கும். அதோடு நிறுத்திவிடாதே. அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? ஹாப்பர் ராம்பில் ஏறி இறங்கும்போது ஆபரேட்டர் பெடலிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறாரா என்று அரை மணி நேரம் நின்று பார். அவரைக் குற்றம் சொல்கிற தொனியில் கேட்காதே. வண்டியைப் பற்றி உன்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். பிறகு நாலு டிஸ்கையும் சூடு பார். கை வைக்காதே. கொரோனா சமயத்தில் நெற்றியில் காட்டிச் சூடு பார்த்தார்களே ஒரு கருவி, அதே ஜாதியில் பட்டறைக்கென்று விற்கிறார்கள், ஒன்று வாங்கிக்கொள். இல்லாவிட்டால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தாலே தெரிந்துவிடும். நாலும் ஒரே மாதிரி கொதித்தால் ஆபரேட்டர் காலையோ மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காலிப்பருக்குள் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அந்தச் சதுர வாஷர்தான் மிதிக்கும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னால் கொண்டுவருகிறது. கிரஷர் தூசி தூசிமூடிக்குள் போனால் போதும், பிஸ்டன் இறுகிவிடும். தண்ணீரும் அப்படித்தான். அம்மப்பள்ளி அணையைத் திறந்து கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்தால் தரைப்பாலங்கள் முழுகுகின்றன, லோடர்கள் தண்ணீருக்குள் போய் வருகின்றன. அதற்கப்புறம் யாரும் காலிப்பரைத் திறந்து பார்ப்பதில்லை.

சோதிக்கிற முறை இது. பக்கெட்டைத் தரையில் இறக்கு. வண்டி நடுவில் மடங்குகிற இடத்தில் பூட்டுக்கம்பியைப் போடு. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வை. பிறகு அந்தச் சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து விட்டுச் சுற்றிப் பார். சுற்றவில்லை என்றால் முதலில் ரப்பர் ஹோஸுக்கு மேலே இருக்கிற இரும்புப் பைப்பின் நட்டைத் தளர்த்து. சக்கரம் விட்டால் கோளாறு மேலே. விடவில்லை என்றால் நட்டை இறுக்கிவிட்டு பிளீடரைத் திற. இப்போது விட்டால் கோளாறு ஹோஸில். அதற்கும் விடவில்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது. ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ரப்பர் ஊதி வழியை அடைத்திருக்கும். மிதிக்கிற வேகத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வர வழியிருக்காது. என் கணக்கில் உன் வண்டிக்கு அதுதான்.

ஒன்றை மட்டும் செய்யாதே. ‘அந்த ஒரு வீலை டம்மி பண்ணி விடு, லோடு நிற்குது’ என்று சொல்வார்கள். நான் செய்திருக்கிறேன். வருஷம் பல ஆகிறது, ஒரு கிரஷரில் பின்சக்கரத்துப் பைப்பை மடக்கி அடித்து வண்டியை அனுப்பினேன். மூன்றாம் நாள் பாரத்தோடு ராம்பில் ஏறும்போது இன்ஜின் நின்று வண்டி பின்னால் உருண்டது. கல் பொறுக்குகிற அம்மா ஒருவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார், அதனால் பிழைத்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் சக்கரத் தடம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதலாளி சொல்லித்தான் செய்தேன், ஆனால் ஸ்பேனர் என் கையில் இருந்தது. உதிரி வரும்வரை வண்டி நிற்கட்டும். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிக் கடைகளுக்கு முதல் பஸ்ஸில் போனால் சாயங்காலம் கிட்டோடு திரும்பிவிடலாம். வாடகை கணக்கு பேசினால் என் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன்.

பேடைக் கழற்றும்போது காம்ப்ரசர் காற்றடித்துத் தூசியை ஊதாதே. பழைய பேடில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். நனைத்துத் துணியால் துடை, துணியைப் பையில் கட்டிப் போடு. ஹெல்ப்பர் பையனைப் பக்கத்தில் விடாதே.

வேலை முடிந்ததும் வெறும் வண்டியோடு சமதரையில் பார், அப்புறம் பாரத்தோடு பார், மதியம் ஒரு மணிக்குத் திரும்பவும் பார். அந்த ஒரு மணிக்கு நீ அங்கேயே இருக்க வேண்டும்.

கழற்றின ஹோஸைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை திருத்தணி பஸ்ஸில் வருகிறேன். நீளவாக்கில் அறுத்து, உள்ளே எவ்வளவு வழி மிச்சமிருந்தது என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்