தட்டில் இருக்கும் படமும் ஓடிவரும் படமும்

ஒரே திரைப்படத்தை இரண்டு வீடுகளில் பார்க்கிறார்கள். ஒரு வீட்டில் ப்ளூ-ரே தட்டு சுழல்கிறது. அடுத்த வீட்டில் அதே படம் இணையத்தின் வழியே ஓடிவருகிறது; இதை ஸ்ட்ரீமிங் என்கிறோம். இரண்டுக்கும் '1080' என்ற ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள். பெருமழைக் காட்சி வருகிறது. முதல் வீட்டில் மழைத்துளிகள் தனித்தனியே தெரிகின்றன. இரண்டாவது வீட்டிலோ மழை சாம்பல் நிறக் கட்டங்களாகக் குழைந்துபோகிறது. எண் ஒன்றாக இருக்க, படம் ஏன் வேறுபடுகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1080 என்பது திரையில் மேலிருந்து கீழாக உள்ள புள்ளி வரிசைகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு வரிசையிலும் 1920 புள்ளிகள். ஆக, ஒரு சட்டத்தில் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட்டுகள். விநாடிக்கு 24 சட்டங்கள். பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 119 கோடி பிட்டுகள் வருகின்றன! இரண்டு மணி நேரப் படத்திற்கு 1,000 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். ஓரடுக்கு ப்ளூ-ரே தட்டு கொள்வதோ 25 கிகாபைட். ஈரடுக்குத் தட்டு 50.

ஆகவே தட்டிலும் சரி, இணையத்திலும் சரி, படத்தைச் சுருக்காமல் தீராது. ஒரு சட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே மாறிய பகுதியை மட்டும் எழுதுவது இதில் முக்கியமான உத்தி. சுவரின் முன் ஒருவர் நின்று பேசினால், அசையாத சுவரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை அல்லவா? ஆனால் மழையில் சட்டத்திற்குச் சட்டம் எல்லாமே மாறுகிறது. அங்கே பிட்டுகள் ஏராளமாகத் தேவை. ப்ளூ-ரே தட்டு படத்திற்கு மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை தரவல்லது. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனமோ, 1080 படத்திற்கு 5 மெகாபிட் வேகமுள்ள இணைப்பே போதும் என்கிறது. அந்த வீதத்தில் இரண்டு மணி நேரத்திற்கு 4.5 கிகாபைட்தான், பழைய டிவிடி ஒன்றில் அடங்கிவிடும்! புதிய சுருக்கு முறைகள் திறன் மிக்கவை என்பதால் வேறுபாடு எண்கள் காட்டும் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பேச்சுக் காட்சிகளில் பலருக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று: இணையப் படத்தைப் பல தரங்களில், சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். இணைப்பு மந்தமானால் உங்கள் கருவி தரம் குறைந்த துண்டைக் கேட்டு வாங்கும். படம் நிற்காது, மங்கும்.

அவ்வளவு பிட்டுகள் ஒரு கைப்பிடித் தட்டில் எப்படி அடங்குகின்றன? தட்டில் நுண்ணிய குழிகள் திருகுசுருள் தடமாக அமைந்துள்ளன. லேசர் கதிர் அவற்றைப் படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் கதிரை இன்னும் சிறு புள்ளியாகக் குவிக்கலாம். குறுந்தகட்டுக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. இந்த நீல ஊதாக் கதிரால்தான் தடங்களுக்கு இடையிலுள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டரிலிருந்து 0.32 ஆகச் சுருங்கியது.

தரத்தை விட்டுவிட்டு உரிமைக்கு வருவோம். எனக்கு இதுவே பெரிய விஷயமாகப் படுகிறது. மாதச் சந்தா என்பது வாடகை. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் இணையக் கடையில் முழு விலை கொடுத்து 'வாங்கிய' படம்? 2022இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சோனியின் பிளேஸ்டேஷன் கடையில் ஸ்டூடியோ கனால் நிறுவனப் படங்களை வாங்கியவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. உரிம ஒப்பந்தம் காரணமாக ஆகஸ்ட் 31 முதல் அப்படங்களைப் பார்க்க இயலாது என்றது அது. அவர்கள் வாங்கியது படத்தை அல்ல, பார்க்கும் அனுமதியை மட்டுமே. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒரு சட்டப்படி, 'வாங்கு' என்று எழுதும் இணையக் கடை, தருவது உரிமமே என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தட்டை எவரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது. நண்பனுக்கு இரவல் தரலாம், விற்கலாம். எனினும் அதுவும் சாகாவரம் பெற்றதன்று. ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் படலத்தில் காற்றும் ஈரமும் புகுந்தால் அது அரிக்கப்பட்டுவிடும். தட்டை ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. 1998இல் டிவிடிகளைத் தபாலில் அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்ஃப்ளிக்ஸே, 2023 செப்டம்பர் 29இல் கடைசித் தட்டை அனுப்பிவிட்டு அதை நிறுத்திக்கொண்டது.

ஒருமுறை பார்த்து மறக்கும் படத்திற்கு நான் தட்டு வாங்கமாட்டேன். அலமாரியில் இடம்தான் வீண். பத்து முறை பார்க்கத் தோன்றும் படமானால் தட்டுதான். வெளிநாட்டிலிருந்து டிவிடி வரவழைப்பதாயின் உறையின் பின்புறத்தில் சிறு உலக உருண்டையும் அதில் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அது வட்டார எண். இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1. எண் பொருந்தாவிட்டால் உங்கள் கருவி அந்தத் தட்டை ஓட்ட மறுத்துவிடக்கூடும். 4கே ப்ளூ-ரே தட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.