குட்டி எஞ்சின், கொள்ளை வேகம்!

அறிவியல் மூலை



அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்து விமானங்களை நாம அண்ணாந்து பார்த்திருக்கிறோம். இந்த இதழில் நான் சொல்லப் போவது கையில் தூக்கக்கூடிய விமானத்தைப் பற்றி. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் மாதிரி விமானத்தை மெல்லிய கம்பியில் கட்டி, நடுவில் நின்று வட்டமாகப் பறக்க விடுவாங்க. இதற்கு 'கண்ட்ரோல் லைன்' என்று பெயர். இதில் உலக அளவில் வேகப் போட்டியே உண்டு. எஞ்சின் வெறும் 2.5 சி.சி. அந்தக் காலத்து டி.வி.எஸ். 50 எஞ்சினில் இருபதில் ஒரு பங்குதான்! ஆனால் வேகமோ மணிக்கு சுமார் 300 கி.மீ. எப்படி? பார்ப்போம்.

1. சுழற்சி: இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரியும். நிமிடத்துக்கு 40,000 சுற்று என்றால், ஒரு விநாடிக்கு 660க்கும் மேல்! எஞ்சின் சின்னது. ஆனால் அடிக்கடி எரிவதால் திறன் கூடுகிறது.

2. எரிபொருள்: பெட்ரோல் கிடையாது. இந்தப் போட்டியில் நெடுங்காலம் இருந்த கலவை, மெத்தனால் 80 பங்கு, ஆமணக்கு எண்ணெய் 20 பங்கு. ஆமாம், பாட்டி வயிற்றுக்குக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்தான்! அது மெத்தனாலில் நன்றாகக் கரையும். கடும் சூட்டிலும் பிஸ்டனைக் காக்கும். உலகிலேயே ஆமணக்கு அதிகம் விளைவது நம் இந்தியாவில்தான்.

3. பிளக்: இதில் தீப்பொறி வராது. பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருளை முதலில் பேட்டரியால் பழுக்க வைப்பாங்க. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பட்டுப் பட்டுச் சுருள் தானே கனன்றுகொண்டிருக்கும். பிளாட்டினம் இங்கே வினையூக்கி. வேதியியல் பாடத்தில் படித்தோமே, அதேதான்.

4. ஊசித் திருகு: எரிபொருள் அளவை மாற்றுவது இது. திருகை மூடினால் வேகம் கூடும். ரொம்ப மூடினால் எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். வானில் ஏறியதும் விசிறியின் சுமை குறைந்து சுழற்சி இன்னும் கூடும். அதனால் தரையில் கொஞ்சம் தாராளமாகவே விட வேண்டும்.

5. புகைக்குழாய்: பெரிய ரகசியம் இதில்தான்! குழாய் முதலில் விரிந்து பிறகு குறுகும். விரியும் இடத்திலிருந்து திரும்பும் அலை, எரிந்த புகையை வெளியே உறிஞ்சும். குறுகும் இடத்திலிருந்து திரும்பும் அலை, கூடவே தப்பி ஓடும் புது எரிபொருளை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அலை சரியான நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதால் குழாயின் நீளம் முக்கியம். சுழற்சி கூடக் கூடக் குழாய் குட்டையாக வேண்டும்.

6. காற்றுத் தடை: வேகத்தை 10 சதவீதம் கூட்ட எவ்வளவு திறன் கூட வேண்டும்? 10 அல்ல, சுமார் 33 சதவீதம்! தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் படியில் ஏறுகிறது (1.1 × 1.1 × 1.1 = 1.331). எஞ்சினை மட்டும் முறுக்கினால் போதாது. உடலையும் இறக்கையையும் வழவழப்பாக, ஒல்லியாகச் செய்வதே லாபம்.

கவனம்! அரைக் கிலோ விமானம் 300 கி.மீ. வேகத்தில் சுற்றும்போது கம்பியை சுமார் 20 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். கம்பி அறுந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்க. மின்கம்பி பக்கத்தில் பறக்க விடவே கூடாது. மெத்தனால் கொடிய விஷம். கண்ணைக் குருடாக்கும், உயிரைக் குடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதுதான். பகலில் இதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பெரியவர்கள் துணை இல்லாமல் தொடாதீங்க. வேகம் அழகு, விவேகம் அதைவிட அழகு.

மூளைக்கு வேலை: போட்டியில் கம்பி நீளம் 17.69 மீட்டர். ஏன் இந்த விநோத எண்? 2πr போட்டால் ஒரு சுற்று 111.15 மீட்டர், 9 சுற்று போனால் சரியாக 1 கி.மீ.! சரி, 9 சுற்றை 12.5 விநாடியில் முடித்தால் வேகம் என்ன? முதலில் நீங்களே போடுங்க. விடை தாளின் ஓரத்தில்.

பிளஸ் ஒன் மாணவன், கே.ஜி.கண்டிகை

(விடை: மணிக்கு 288 கி.மீ.)