ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடாதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு, மாமன் எழுதுவது.

அத்தை விஷயத்தைச் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. மூணு மாச வாடகை பாக்கி, சாமானைத் தூக்கி வெளியே வைப்பேன் என்கிறார் வீட்டுக்காரர், ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூர் போய்விடலாம் என்கிறார் மாப்பிள்ளை. போவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் பெரியவளின் பன்னிரண்டாம் வகுப்பு என்ன ஆவது? ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். காலேஜ் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அவளைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பப் போகிறீர்களா?

வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. 2019 பிப்ரவரியிலிருந்து புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தக்கூடாது. பாக்கிக்காக வழக்குப் போட்டாலும், நோட்டீஸ் கைக்கு வந்த ஒரு மாசத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்ல முடியாது. நீங்கள் எழுத்தில் ஒப்பந்தம் போடாதது ஒரு ஓட்டைதான். அதனால் ஈரோடு கோர்ட்டில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் போய்ப் பார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

"அரசாங்கத்துக்கிட்டக் கையேந்தறதா" என்று மாப்பிள்ளை கேட்டாராமே. அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. உங்கப்பாவும் இதையேதான் சொன்னார். விசைத்தறித் தொழிலாளர் நலவாரியத்துக்கு நானே ஃபாரம் பூர்த்தி செய்து பட்டறைக்குக் கொண்டுபோனேன். கையில் இருந்த தாரைக் கீழே வைக்காமலே, "நாம என்ன பிச்சைக்காரங்களா மச்சான்" என்றார். அவர் போனபின் உங்கம்மாவுக்கு வாரியத்திலிருந்து ஒரு பைசா வரவில்லை. காரியத்துக்கே முதலாளியிடம் முன்பணம் வாங்கினோம். அதைக் கழிக்க அக்கா எத்தனை வருஷம் தறி ஓட்டினாள், நீ பார்த்தவள்தானே. வட்டிக்காரன் வாசலில் நிற்பது மட்டும் மானமா? பேர் பதிந்த தொழிலாளிக்குப் பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு, அறுபதுக்கு மேல் பென்ஷன் என்று எல்லாம் உண்டு. அது பிச்சையல்ல, உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. மாப்பிள்ளை பேரை இந்த வாரமே பதியுங்கள். மகளிர் உரிமைத்தொகைக்கும் நீ மனு எழுதிக் கொடுத்ததே இல்லையாம், ஏன்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதைக் கேள், வாழ்விட வாரிய வீட்டுக்கும் ஒரு மனு கொடு.

இன்னொன்று, எழுதக் கை வரவில்லை. "எதையாவது வித்துக் கட்டிடறேன்" என்று மாப்பிள்ளை சொன்னாராம். எதை? ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிபாளையத்தில் 2025-ல் வெளியே வந்த கிட்னி விற்பனை விவகாரம் உனக்குத் தெரியும். கடனில் சிக்கிய தறிக்காரர்களைத்தான் புரோக்கர்கள் வளைத்தார்கள். 1994 சட்டப்படி விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். யாராவது வீட்டுப் பக்கம் வந்தால் எந்த நேரமானாலும் எனக்குச் சொல்.

பாக்கியில் ஒரு மாசத்தை நான் கட்டுகிறேன், மஞ்சள் விற்ற காசு இருக்கிறது. குழு லோன் மட்டும் புதிதாக எடுக்காதே.

ரொம்பப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே சாமி. உன்னைப் போல் கெட்டிக்காரி நம்ம வகையறாவிலேயே கிடையாது. மாப்பிள்ளையும் தங்கமான மனுசன், அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் வருகிறோம். சின்னவனுக்கு நிலக்கடலை எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் மாமன்