காவலரைப் பயிற்றும் கூடம்: தைமஸ்

அனந்தபுரம் வட்டாரத்தில் வாழும் நமக்குச் செஞ்சிக் கோட்டை புதியதன்று. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து எழுந்தது அக்கோட்டை. இராசகிரியின் உச்சியை அடைய ஒரு பாறைப் பிளவைப் பாலத்தின்வழியே கடந்தாக வேண்டும். அத்தகைய வாயிலில் நிற்கும் காவலனுக்கு வாள்வலிமை மட்டும் போதாது. வருபவன் நம்மவனா, பகைவனா எனப் பிரித்தறியும் திறமும் வேண்டும். உடலாகிய கோட்டைக்கும் இது பொருந்தும். காவல் புரியும் செல்களுக்கு அவ்வறிவை ஊட்டும் உறுப்பே தைமஸ்.

நுண்ணமைப்பு

மார்பெலும்பிற்குப் பின்னே, இதயத்திற்குச் சற்று மேலே, இரு கதுப்புகளாக அமைந்துள்ளது தைமஸ். பிறந்த குழந்தையிடம் ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ள இது, பருவமடையும் காலத்தில் 30 முதல் 40 கிராம் வரை வளர்ந்து, பின்னர்ச் சிறுகச் சிறுகச் சுருங்கிக் கொழுப்புத் திசுவாக மாறுகிறது.

இவ்வுறுப்பைச் சூழ்ந்துள்ள நார்த்திசு உறையிலிருந்து தடுப்புகள் உள்நோக்கிச் சென்று, அதனைச் சிறுகதுப்புகளாகப் பிரிக்கின்றன. நுண்ணோக்கியில் ஒவ்வொரு சிறுகதுப்பிலும் இரு பகுதிகள் தெளிவாகத் தோன்றும். வெளிப்பகுதியாகிய புறணியில் இளம் லிம்போசைட்டுகள் நெருங்கிச் செறிந்திருப்பதால் அது கருமையாகத் தெரியும். உட்பகுதியாகிய அகணியில் அவை குறைவாதலின் அது வெளிறித் தெரியும். எபிதீலியச் செல்கள் வலைபோற் பின்னி அவற்றைத் தாங்குகின்றன. அகணியில் வெங்காயத்தின் அடுக்குகளைப்போல் வட்டவட்டமாக அமைந்த உருண்டைகள், ஆங்கில மருத்துவர் ஆர்தர் ஹில் ஹாசல் என்பாரின் பெயரால் வழங்குகின்றன.

இரு தேர்வுகள்

எலும்பு மஜ்ஜையில் தோன்றிய முன்னோடிச் செல்கள் குருதிவழியே தைமசை வந்தடைகின்றன. புறணியில் ஒவ்வொன்றும் தன் மரபணுத் துண்டுகளை மாற்றிக் கோத்துத் தனக்கென ஓர் உணர்வானை அமைத்துக்கொள்கிறது. உடற்செல்கள் தாங்கும் அடையாளப் புரதங்களை அதனால் கண்டுகொள்ள இயலுமா என்பது முதல் தேர்வு. இயலாதவை மடியும். அகணியில் நடைபெறுவது இரண்டாம் தேர்வு. அங்குள்ள எபிதீலியச் செல்கள், கணையத்தின் இன்சுலின் போன்ற பிற உறுப்புகளின் புரதங்களையும் தாமே உருவாக்கிக் காட்டுகின்றன. சொந்த உடலின் பொருளையே வன்மையாகத் தாக்க முனையும் செல்கள் இத்தேர்வில் அழிக்கப்படுகின்றன. நூற்றுக்கு ஐந்திற்கும் குறைவானவையே தேறி வெளிவருகின்றன. தைமசின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு இவற்றை டி செல்கள் என்பர்.

அத்தேர்வையும் மீறித் தப்பும் செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் உள்ளன. இவை தொடர்பான ஆய்வுகளுக்காக மேரி புருங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவர்க்கும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அறியாமையின் விலை

நெடுங்காலம் இவ்வுறுப்பின் பயனை எவரும் அறிந்திலர். நோயாலும் வறுமையாலும் மடிந்தோரின் சுருங்கிய தைமசையே இயல்பான அளவெனக் கொண்ட மருத்துவர்கள், நலமான குழந்தைகளின் தைமசைப் பெருத்துவிட்டதெனக் கருதினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைநாடுகளில் பல குழந்தைகளுக்கு அதன்மேல் எக்ஸ் கதிர் செலுத்தப்பட்டது. அவர்களுட் சிலர்க்குப் பின்னாளில் தைராய்டுப் புற்று தோன்றியது. 1961 இல் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட எலிகள் தொற்றை எதிர்க்க இயலாது நலிவதையும், அயல் தோலை விலக்காது ஏற்பதையும் காட்டினார். அதன் பின்னரே உண்மை விளங்கிற்று.

நமக்குரிய பாடம்

1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக வெளிப்பட்டது அவற்றில்தான். அக்கிருமி அழிப்பது டி செல்களின் ஒரு வகையையே. காவலர் வீழ்ந்தபின் எளிய தொற்றும் உயிர்க்கு உலை வைக்கும் என்பதை அந்நோய் உணர்த்தியது.

கடும் ஊட்டக் குறைவும் குழந்தையின் தைமசைச் சுருக்கிவிடும். உணவு சீரானால் அது மெல்ல மீளும். ஆதலின் 1982 இல் தமிழகம் விரிவாகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம் போன்றவை பசியைத் தணிப்பதோடு உடலின் காவலையும் கட்டுகின்றன. குழந்தையின் தட்டில் இடும் பருப்பும் முட்டையும் கீரையும், அவ்வுடற்கோட்டையின் காவலர்க்கு நாம் அளிக்கும் படியாகும் என்பதைப் பெற்றோரும் ஊர்ப்பெரியோரும் உளங்கொள்வாராக.