கூதிர்க் காலமும் குழந்தைக் கல்வியும்

ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிருக்கு உரிய திங்கள்கள். குளிர் மிகுந்த நாடுகளில் மரங்கள் பழுத்த இலைகளை உதிர்க்கும் காலம் இதுவே. நமக்கோ இது மழைக்காலம். தமிழ்நாடு ஓராண்டிற் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் முடியவுள்ள மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்துவிடுகிறது. கூதிர் என்னும் சொல்லை ஏட்டளவில் நின்றுபோன பழஞ்சொல் என்று எண்ணற்க. தென்மாவட்டங்களில் குளிரைக் ‘கூதல்’ என்று மக்கள் இன்றும் வழங்குவர்.

அடைமழை நாளில் மூன்று முதல் ஆறு அகவை வரையுள்ள குழந்தைக்குத் தெருவும் இல்லை, முற்றமும் இல்லை. திண்ணையும் கூடமும் அடுக்களையுமே அதன் உலகம். அங்கும் அது பெரியோர் காலைச் சுற்றிச் சுற்றி வரும். எதை எடுத்தாலும் தானும் எடுக்கும். ‘தொடாதே, சிந்திவிடுவாய், அப்பால் போய் உட்கார்’ என்று மும்முறை விரட்டப்பட்ட குழந்தை நான்காம் முறை வருவதில்லை. கையிற் கொடுத்த கைபேசியை நோக்கியவாறு மூலையில் அமர்ந்துவிடுகிறது. வீடு அமைதி அடைகிறது. அவ்வமைதிக்கு அக்குழந்தை கொடுக்கும் விலை என்ன என்பதையே இங்கு நாம் காணப் புகுகின்றோம். மாணவர்களே! உங்களுள் பலர் தம்பி தங்கையருக்கு மூத்தவர்கள். ஆதலின் இப்பாடம் அன்னை தந்தையரைக் காட்டிலும் உங்களை நோக்கியே எழுதப்படுகிறது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை நக்கீரர் பாடியது; 188 அடிகளை உடையது. கூதிர்க் காலத்தை அந்நூலைப்போல் நுணுகிக் கண்ட நூல்கள் அரியன. வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலத்திற்குத் தம் நிரைகளை ஓட்டிச் சென்ற கோவலர், தீயிற் கைகாய்ந்தும் குளிர் நீங்காது நடுங்குவதை அது காட்டுகிறது. நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது வேறோர் இடம். வானம் இருண்டு கிடத்தலால் பொழுது இன்னதென்று தெரியவில்லை. மாலை வந்ததை மனையிலுள்ள மகளிர் எங்ஙனம் அறிந்தனர்? தட்டிற் பறித்து வைத்திருந்த பிச்சியரும்புகள் இதழ்விரிந்து மணந்தன. அது கொண்டு மாலை வந்தது என்று தெளிந்து விளக்கேற்றினர். இவ்வறிவை அவர்கள் தாயும் பாட்டியும் பூத்தொடுக்கும்போது அருகிலிருந்து கண்டே பெற்றிருத்தல் வேண்டும். உங்கள் வீட்டில் முல்லையோ பிச்சியோ இருப்பின், மாலையில் நாலைந்து அரும்புகளைக் குழந்தையின் கையிற் கொடுத்து, எது முதலில் மலர்கிறது என்று பார்த்திருக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலம் சொற்களைக் கற்பிப்பதற்கும் சிறந்தது. நுண்ணிய துளிகளாய் விழுவது தூறல். காற்றால் சாய்ந்து வந்து மேலே படுவது சாரல். மழை நின்ற பின்னும் காற்றோடு பறந்து திண்ணையை நனைப்பது தூவானம். விடாது பெய்வது அடைமழை. இவற்றை நெட்டுருச் செய்விப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயிலில் நின்று, குழந்தையின் கன்னத்தில் சாரல் படும்போது ‘இது சாரல்’ என்று ஒருமுறை கூறினாற் போதும். அச்சொல் அதற்கு என்றும் மறவாது. திசைகளும் அவ்வாறே. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட மொழி நம்முடையது. ஐப்பசியில் எந்தச் சாளரத்தின் வழியே நீர் உள்ளே தெறிக்கிறது என்று குழந்தையே கண்டு கூறட்டும். கிழக்கையும் வடக்கையும் அது தன் தோலால் அறிந்துகொள்ளும்.

இனி அடுக்களைக்கு வருவோம். நவராத்திரி நாட்களில் மாலைதோறும் சுண்டல் உண்டு. கொலு வையாத வீட்டிலும் மழைக்குக் கடலை வேகாமல் இருப்பதில்லை. முதல்நாள் இரவில் ஓர் ஆழாக்குக் கொண்டைக்கடலையை ஊறப் போட்டால், மறுநாட் காலையில் அது ஏறத்தாழ இரண்டு ஆழாக்காகப் பெருகியிருக்கும். பெரியோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. குழந்தைக்கோ இது பெருவியப்பு. என் பேத்தி நான்கு அகவையில் ஒருநாள் காலை அப்பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “பாட்டி, இராத்திரி யார் வந்து இன்னும் கொஞ்சம் போட்டார்கள்?” என்று கேட்டாள். அவள் பாட்டி விடை கூறவில்லை. “இன்றைக்கு நீயே போட்டுப் பார், கண்ணு” என்று மட்டும் சொல்லி, அன்றிரவு இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் பத்துக் கடலைகள். ஒன்றில் நீர் உண்டு, மற்றொன்றில் இல்லை. காலையில் எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் பத்தே இருந்தன. எண்ணிக்கை மிகவில்லை, கடலைதான் பருத்தது என்பதைக் குழந்தை தானே கண்டுகொண்டாள். ஊறிய கடலைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்தனர். ஓரிரு நாளில் முளை தோன்றியது. முதலில் வெளிப்படுவது வேரே என்பதை அன்றுதான் நானும் உற்றுப் பார்த்தேன்.

ஆழாக்கு என்றேன், அதனையும் சிறிது விளக்க வேண்டும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. நாழியைப் படி என்றும் கூறுவர். 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அளவைச் சட்டத்தின் பின்னர் லிட்டரும் கிலோவும் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் ‘ஓர் ஆழாக்கு அரிசி’ என்னும் பேச்சு வீடுகளில் இன்னும் மறையவில்லை. பழைய அளவையில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொன்றும் முன்னதன் இருமடங்காதலின், இருமடங்கும் பாதியும் குழந்தையின் கைக்கு எளிதில் வந்துவிடும். அளவைக் கலங்கள் இல்லையேல் இரண்டு குவளைகள் போதும். பெரியதை நிரப்பச் சிறியது எத்தனை தடவை வேண்டும் என்று அரிசியைக் கொண்டு அளக்கட்டும். சிறிது சிந்தும், சிந்தியதைப் பொறுக்குவதும் அவ்வேலையைச் சேர்ந்ததே.

இத்தாலி நாட்டு மருத்துவராகிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டில் உரோம் நகரத்தின் எளிய மக்கள் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். கலத்திலிருந்து கலத்திற்கு வார்த்தல், துணி மடித்தல், தரை பெருக்கல் முதலிய வீட்டுவேலைகளை அவர் தம் கல்விமுறையின் தொடக்கப் பயிற்சிகளுள் வைத்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போரின் காரணமாக மேலும் சில ஆண்டுகள் இந்நாட்டிலேயே தங்கினார். அவர் பெயராற் கலங்களும் கட்டைகளும் இன்று பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. வாங்க வல்லார் வாங்குக. அவர் கருத்தின் உயிரான பகுதி நம் அடுக்களையில் விலையின்றிக் கிடக்கிறது.

பாட்டி வீட்டில் இருப்பின் பல்லாங்குழியைக் கேட்டு எடுங்கள். இருவரிசையாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டைகள். ஆட்டத்தின் முறை ஊருக்கு ஊர் வேறுபடும். குழியில் நான்கு சேர்ந்தால் அதனைப் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வது பல ஊர்களின் வழக்கு. ஆடுவோர் தம் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தோற்றாலும் அடுத்த ஆட்டத்திற்குக் காய்களைப் பங்கிட வேண்டும். எண் கற்பதினும் இது அரிது. ஆனால் ஒன்று: மூன்று அகவை நிரம்பாத குழந்தையின் கையில் விதைகளைத் தருதல் ஆகாது. அவை மூக்கிலும் தொண்டையிலும் அடைத்துக்கொள்ளும்.

விசயதசமியன்று நெல்லைப் பரப்பி, அதன்மேல் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்துத் தொடங்குவிப்பர். அழகிய வழக்கம். ஆயின் மறுநாள் முதலே நான்கு அகவைக் குழந்தையை உட்கார்த்தி, ஒரே எழுத்தைப் பக்கம் நிறைய எழுதச் சொல்லி, கோணினால் தலையிற் குட்டும் வீடுகளை யான் கண்டிருக்கிறேன். எழுத்தின்மீது அச்சமே அங்குத் தொடங்குகிறது. எழுதுகோலைப் பற்றும் விரல்கள் அதற்கு முன்னர் வேறு பல வேலைகளைச் செய்து வலிமை பெற்றிருத்தல் வேண்டும். அரிசியிற் கல் பொறுக்குதல், பட்டாணி உரித்தல், பூவுக்கு நார் கிழித்தல், பஞ்சை இழுத்து உள்ளங்கையில் உருட்டித் திரியாக்குதல் ஆகிய இவையெல்லாம் எழுத்துக்கு முற்பட்ட பயிற்சிகள். கார்த்திகை விளக்கீட்டுக்கு வேண்டிய திரிகளைக் குழந்தை திரித்துத் தரட்டும். சில தடித்தும் சில மெலிந்தும் இருக்கும், இருந்தாலும் எரியும்.

புதிய அகல்களை எண்ணெய் வார்க்குமுன் சிலநேரம் நீரில் இட்டு வைப்பது வழக்கம். உலர்ந்த அகல் எண்ணெயை உறிஞ்சிவிடும் என்பது காரணம். அகலை நீரில் அமிழ்த்தியதும் சிறு குமிழிகள் எழுவதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்றே அவ்வாறு வெளியேறுகிறது. இதனை நீங்கள் விளக்கத் தொடங்குமுன், ‘ஏன்?’ என்று அது கேட்கும்வரை பொறுத்திருங்கள். பின்பு வாயிலுக்கு இரண்டு, படிக்கு ஒன்று, மாடத்துக்கு ஒன்று என்று எத்தனை அகல்கள் வேண்டும் எனக் கணக்கிடுவதை அதனிடமே விட்டுவிடலாம். ஏற்றுவது மட்டும் பெரியோர் கடமை. ஆண்பனையின் பூக்கதிரைச் சுட்ட கரியை மூட்டையாகக் கட்டி மாவலி சுற்றும் ஊர்களில், குழந்தை எட்ட நின்று காணட்டும். பொறிகள் ஒரு வட்டமாகத் தோன்றுவது கண்ணின் இயல்பால் என்பதை நீங்கள் அறிவியற் பாடத்திற் கற்பீர்கள்.

மழை விட்ட வேளையில் ஈரமண்ணில் செந்நிறப் பட்டுத் துணுக்குப்போல ஊர்ந்து செல்லும் தம்பலப் பூச்சியைக் காணலாம். பழைய இலக்கியங்கள் இதனை மூதாய் என்று கூறும். எறும்புக்கு ஆறு கால். வளர்ந்த தம்பலத்துக்கு எட்டுக் கால். எண்ணத் தெரிந்த குழந்தைக்கு இதைவிடச் சிறந்த கணக்கு வேறு என்ன வேண்டும்? வேலியோரத்தில் செங்காந்தள் பூத்திருப்பின், பசுமை கலந்த மஞ்சளாய் விரியும் இதழ்கள் நாளடைவிற் சிவப்பாக மாறுவதை நாள்தோறும் சென்று பார்க்கலாம். செடி முழுதும் நஞ்சாதலின் தொடலாகாது. தேங்கிய நீர், அறுந்த மின்கம்பி, இடி இவற்றுக்கு அஞ்சி நடத்தல் உங்களுக்கும் உரியது.

சுவர் நேராக உள்ள ஒரு தகரக் குவளையை மரநிழலும் கூரையும் இல்லாத வெளியில் வையுங்கள். வானிலைத் துறையினர் மழையை அளக்கும் நேரமாகிய காலை 8.30 மணிக்கு அளவுகோலை உள்ளே நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்கள் பாருங்கள். ‘நேற்றைவிட மிகுதியா, குறைவா’ என்று குழந்தை சொல்லட்டும். சுவரில் ஒட்டிய தாளில், பெய்த அளவுக்கேற்ப நீளமாகவோ குறுகலாகவோ அது ஒரு கோடு வரையட்டும். பெய்யாத நாளில் ஒரு புள்ளி.

கார்த்திகை முழுநிலவு நாளில் சந்திரன் கார்த்திகை விண்மீன்களுக்கு அருகில் நிற்கும். அதன் ஒளியில் அம்மீன்கள் நன்கு புலப்படா. ஐந்தாறு நாள் கழிந்த பின்னர், நிலவு எழுமுன், முன்னிரவில் வானம் தெளிந்திருப்பின் குழந்தையை மொட்டைமாடிக்கோ களத்துக்கோ அழைத்துச் சென்று கிழக்குவானை நோக்குங்கள். சிறு கொத்தாக நெருங்கி நிற்பவை அவை. ஆறு என்பது பழைய கணக்கு. சிலர் கண்ணுக்கு ஏழும் தெரியும். எத்தனை என்பதைக் குழந்தை எண்ணிச் சொல்லும் வரை நீங்கள் சொல்லாதிருங்கள்.