பாஸ்டன் தேநீரும் செங்கல்பட்டு ஏரிகளும்

கேள்வி: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் நடந்த விடுதலைப் போருக்கும் எங்கள் செம்பரம்பாக்கம் பகுதிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், செம்பரம்பாக்கம்

பதில்: உண்டு. இரண்டு இடங்களிலும் இருந்தது ஒரே கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தப் போருக்கு முன்னோடியாக, 1773 டிசம்பரில் மாசசூசெட்ஸின் பாஸ்டன் மக்கள் துறைமுகத்தில் கொட்டியது அந்தக் கம்பெனியின் தேயிலையைத்தான். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1763இல், ஆற்காடு நவாப் முகமது அலியிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை அது ஜாகீராக, அதாவது நில வருவாயை வசூலிக்கும் உரிமையோடு, பெற்றிருந்தது. பாஸ்டனில் தேயிலை மிதந்த நாட்களில், கம்பெனியின் அளவையாளர் தாமஸ் பர்னார்ட் இங்கே ஊர் ஊராக அளந்துகொண்டிருந்தார்.

அந்த நில அளவை என்னைப் பிரமிக்க வைக்கிறது. ஏரிகள், விளைநிலம், வீடுகள், யாருக்கு எவ்வளவு மானியம் என்று அத்தனையும் அதில் பதிவானது. விளைச்சலிலிருந்து ஏரி மராமத்துக்கும் கோயிலுக்கும் கொல்லர், தச்சருக்கும் பங்கு போனது. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் பிற்காலத்தில் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்துக் காட்டியிராவிட்டால், நம் ஊர்கள் எப்படித் தம்மைத் தாமே நடத்தின என்பது பலருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அந்த அளவை முடிந்த சில ஆண்டுகளிலேயே, 1780இல், ஹைதர் அலியின் படையெடுப்பு இந்தச் சீமையைச் சூறையாடியது.

அன்றும் இன்றும், ஆறுகள் வற்றும் இந்த மண்ணில், வடகிழக்குப் பருவமழையை ஏரியில் தேக்கினால்தான் நெல். அந்த நெல்வயல்களை ஒட்டித்தான் 1990களில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, பிறகு ஒரகடத்தில் வாகன ஆலைகள். உங்கள் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் இப்போது சென்னையின் குடிநீர்.